இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு ரயில் பயணமும்

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் ஏறாத தென்சென்னைக் குடும்பம் இராது. 1931இல் தொடங்கிய அந்த ரயில் வழியில், சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில், நானும் என் அக்காவின் மகளும் கிண்டிக்குப் புறப்பட்டோம்.

மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய சிறுவயது ஆசை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், நீட் தேர்வு அவளுக்குக் கைகொடுக்கவில்லை. எஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரியில் மூன்றாண்டு விலங்கியல். 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் கிறித்தவக் கல்லூரி வீட்டிற்கு அருகிலேயே இருந்தது. மற்றொன்று, கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்.

நான் கலைப் பட்டதாரி. மதரஸாவில் பாடம் சொல்பவன். விலங்கியல் படித்தால் அது மருத்துவப் படிப்புக்கு முதற்படியாகும் என்று நம்பினேன். அக்காவோ, "தம்பி, நம் வீட்டுப் பெண் இரவுப் பணிக்குப் போவதா? ஊர் என்ன சொல்லும்?" என்று கலங்கினார்.

ரயில் தாம்பரம் சானடோரியத்தில் நின்றது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில், 1928இல், டாக்டர் சவுரி முத்து இங்கே ஒரு நோயில்லம் அமைத்தார். நிலையத்தின் பெயரே அதனால் வந்ததுதான். இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை.

"மருந்தே இல்லாமல் எப்படி மாமா வைத்தியம் செய்தார்கள்?" என்று கேட்டாள்.

"தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு" என்றேன்.

"அவற்றை அருகிலிருந்து கொடுத்தவர்கள் யார்?"

நான் பதில் சொல்லவில்லை. பல்லாவரமும் மீனம்பாக்கமும் கடந்து போயின.

கிண்டியில் விசாரித்தபோது என் நம்பிக்கை தவறென்று தெரிந்தது. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர இளநிலைப் பட்டம் தேவையில்லை. பட்டம் பெற்றிருந்தாலும் நீட் தேர்விலிருந்து விலக்கு இல்லை. விலங்கியலும் நர்சிங்கும் மருத்துவத்திற்குப் படிக்கட்டுகள் அல்ல. அவை தனித்தனிப் பாதைகள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதமும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீதமும் இடஒதுக்கீடு இருந்தாலும், நீட் வாசலைக் கடந்தே அவற்றை அடைய வேண்டும்.

"அப்படியானால் நோயாளியின் அருகில் நிற்கும் படிப்பே எனக்குப் போதும் மாமா" என்றாள்.

திரும்பும் வழியில் என் மனம் என்னையே கேட்டது. போரில் காயமுற்றோருக்கு மஸ்ஜிதுன் நபவியில் கூடாரமிட்டுச் சிகிச்சையளித்த ருஃபைதா (ரலி) அவர்களைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அதே பணிக்கு என் வீட்டுப் பெண் முன்வந்தபோது ஏன் தயங்கினேன்?

அன்றிரவு அக்காவிடம் அனைத்தையும் எடுத்துரைத்தேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், இறுதியில், "விடுதியில் தொழ இடமிருக்குமா என்று கேட்டாயா?" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்!

பெற்றோர்களே! எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன், அந்தப் படிப்பு நம் பிள்ளையை எங்கே கொண்டு சேர்க்கும் என்று கேளுங்கள்.