ஒரே மலை, மூன்று ஆறு

கிருஷ்ணன்கோவிலில் எங்கு நின்றாலும் மேற்கே மலை தெரியும். அதைக் காட்டித்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிநிலம் பற்றிச் சொன்னேன். தாளைக் கசக்கி, பாதி விரித்து, முகடுகளில் மை தடவித் தண்ணீர் தெளித்தார்கள். மை இரு பக்கமும் வழிந்தது. மலையிலும் அப்படித்தான்: முகட்டுக்கு அந்தப் பக்கம் விழும் மழை பெரியாறாகி அரபிக்கடலுக்குப் போகிறது. வருசநாட்டுச் சரிவில் விழுந்தால் வைகை. நம் பக்கமென்றால் பிளவக்கல் அணை, அர்ச்சுனா நதி, வைப்பாறு, மன்னார் வளைகுடா.

"அப்போ எங்க ஊர்க் கண்மாய், சார்?" என்றாள் ஒருத்தி. எவ்வளவு நல்ல கேள்வி! ஒரு கண்மாய் நிரம்பி மறுகாலில் வழியும் நீர்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஓடை அடைபட்டால் கீழே உள்ள ஊர் காயும்.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் ஊர் வரத்துக்கால் வழியே பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.