நேர்கோடும் நூறடி சாலையும்
(முன்னாள் மாணவி ஒருத்தி எழுதியது)



"இரு புள்ளிகளை இணைக்கும் பாதைகளுள் மிகக் குறுகியது நேர்கோடு." நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இதைக் கேட்டபோது, "வளைந்து வளைந்து போகும் கோடுகள் எண்ணற்றவை உள்ளனவே! அத்தனையையும் அளந்து பார்த்தவர் யார், சிஸ்டர்?" என்று எழுந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. அதற்கென்றே தனியாக ஒரு கணிதம் இருக்கிறது. ஒரு நாள் படிப்பாய்" என்றார்.

அந்த நாள் வந்தது. ஆனால் அதற்கு முன்பே அந்தக் கணிதம் எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அசோக் நகரின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. "குறுக்கு வழி தெரியாதவன் ஆட்டோ ஓட்டக்கூடாது" என்று பெருமையாகச் சொல்வார். நாங்கள் நூறடி சாலைக்கு அருகில் மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவின் தாயார், எங்கள் ஆயா, ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய சந்து ஒன்றில், தரைத்தள வீட்டில் தனியே இருந்தார். சந்து வழியாகப் போனால் பத்து நிமிட நடைதான்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையைச் சென்னை மக்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட, அடையாறு இரவோடு இரவாகக் கரை மீறியது. மின்சாரம் போயிற்று, தொலைபேசிகள் ஊமையாயின. பொழுது விடிந்ததும் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று புறப்பட்டார். வழக்கமான சந்து வழியில்தான் இறங்கினார்.

முழங்கால் அளவு இருந்த தண்ணீர் போகப் போக இடுப்புக்கும், பிறகு மார்புக்கும் வந்தது. ஜன்னல் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து அவர் ஆயா வீட்டை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆயா இரவெல்லாம் கட்டில்மேல் நின்றிருந்தார்; அந்தக் கட்டிலும் தண்ணீருக்குள் இருந்தது. அவர் சர்க்கரை நோயாளி. காலில் ஏற்கெனவே ஒரு புண்.

திரும்பும்போது அப்பா ஆயாவை முதுகில் சுமந்து, மேடான பெரிய சாலைக்கு ஏறினார். அங்கே ஒருவர் தம் மீன்பாடி வண்டியில் ஆயாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். தூரம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அரை மணி நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள்!

ஆயாவின் கால் புண் சீழ் பிடித்தது. கிறிஸ்துமஸ் கழிந்து சில நாள்களில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆயா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உயிர் இருக்குதே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்பார். ஆனால் அப்பாவின் மனம் ஆறவில்லை. "மெயின் ரோட்டுலேயே போயிருந்தா ஒண்ணரை மணி நேரம் முன்னாடி போயிருப்பேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார். 2021இல் ஆயா இறைவனடி சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை.

2023இல் முதுகலைக் கணித வகுப்பில், அருட்சகோதரி அன்று குறிப்பிட்ட அந்தக் கணிதத்தைப் படித்தேன். அதன் பெயர் மாறுபாட்டு நுண்கணிதம். பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதத்தில் ஒரு சார்பு எந்தப் புள்ளியில் சிறுமம் அடைகிறது என்று தேடுகிறோம். இங்கே தேடுவது புள்ளியை அன்று. ஒரு முழுப் பாதையை. பாதையைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஆகும் "செலவை"க் கூட்டுகிறோம். அந்தக் கூடுதல் எந்தப் பாதைக்கு மிகக் குறைவு என்பதே கேள்வி.

எல்லாப் பாதைகளையும் அளக்கத் தேவையில்லை. இரு முனைகளையும் அசையாமல் வைத்துக்கொண்டு, நடுவில் பாதையை இம்மியளவு நகர்த்திப் பார்க்க வேண்டும். அது சிறந்த பாதையானால், அந்தச் சிறு நகர்த்தலால் செலவு ஏறக்குறைய மாறாமலே நிற்கும். இந்த நிபந்தனையைச் சமன்பாடாக எழுதினால், செலவு என்பது நீளமாக இருக்கும்போது விடையாக நேர்கோடே வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் செலவு என்பது நேரமாக இருந்தால்? 1696இல் யோஹான் பெர்னூலி என்ற ஸ்விஸ் அறிஞர் கணித உலகுக்கு ஒரு சவால் விட்டார். மேலே ஒரு புள்ளி. கீழே, சற்றுத் தள்ளி மற்றொரு புள்ளி. ஒரு மணி தன் எடையாலேயே வழுக்கி மிக விரைவில் கீழே வர எந்த வடிவில் தடம் அமைக்க வேண்டும்? விடை நேர்கோடு அன்று. உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைகோட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது! இத்தகைய கணக்குகளுக்கு ஆய்லர் 1744இல் பொது முறை ஒன்றைத் தந்தார். 1755இல் லக்ராஞ்சு என்ற பத்தொன்பது வயது இளைஞர் அதைவிட எளிய முறையை எழுதி ஆய்லருக்கே அனுப்பினார். உங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர், தங்கையரே!

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கண்முன் நின்றது சக்கரம் அன்று, மார்பளவு தண்ணீர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தரையில் மணிக்கு 4 கிலோமீட்டர், தண்ணீரில் 1 கிலோமீட்டர் நடக்க முடியும் என்று கொள்வோம். நாம் நேரான சாலையில் நிற்கிறோம். அதே சாலையில் 400 மீட்டர் சென்று, அங்கிருந்து செங்குத்தாக 100 மீட்டர் தண்ணீருக்குள் இறங்கினால் ஒரு வீடு. நேர்கோட்டில் தண்ணீருக்குள்ளேயே போனால் 412 மீட்டர்; 25 நிமிடம் ஆகும். சாலையோடு போய் வீட்டுக்கு நேராகத் திரும்பினால் 500 மீட்டர். ஆனால் 12 நிமிடமே! மிகச் சிறந்த வழி, அந்தத் திருப்பத்துக்கு 26 மீட்டர் முன்பே தண்ணீரில் இறங்கிச் சாய்வாகப் போவது: 11 நிமிடம் 49 வினாடி. 26க்குப் பதிலாக 20 மீட்டரில் இறங்கினாலும் அரை வினாடிதான் கூடுகிறது. சிறந்த பாதையின் அருகே சிறு பிழைக்குத் தண்டனை இல்லை என்பதை என் கையாலேயே கண்டேன். ஒளிக்கதிர் தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதும் இதே விதியால்தான். ஒளி தண்ணீரில் மெதுவாகச் செல்கிறது. நேரம் குறையும் வழியாகத் திரும்புகிறது. 1662இலேயே இதைச் சொன்னவர் ஃபெர்மா.

அன்றிரவு அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ நான் போனது தப்பு வழிதானே, பாப்பா? கணக்கே சொல்லுதே."

"இல்லைப்பா. எங்கே எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கையே ஆரம்பிக்க முடியும். உங்களுக்கு அது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. போகும்போது தெரிந்தது தூரம் மட்டும். தூரத்துக்கு நீங்கள் போட்ட கணக்கு சரி."

அப்பா பதில் பேசவில்லை. என் பேனாவை வாங்கி, தாளின் பின்புறத்தில் ஜாபர்கான்பேட்டைச் சந்துகளை ஒவ்வொன்றாக வரைந்தார். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆங்காங்கே குறித்தார். எட்டு ஆண்டுகளாக அவர் நெஞ்சில் தேங்கியிருந்த தண்ணீர் அந்தத் தாளில் வடிந்தது போல் இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரிலேயே மிக்ஜாம் புயல் வந்தது. அடுத்த தெருவில் தனியே இருந்த ஒரு பாட்டிக்குப் பால் கொண்டுபோக அப்பா கிளம்பினார். வாசலில் நின்று, எதிரே நனைந்து வந்தவரிடம் முதலில் கேட்டார்: "அந்தப் பக்கம் தண்ணி எவ்வளவு இருக்குது, தம்பி?" பிறகு பெரிய சாலை வழியாகவே சுற்றிப் போனார்.

தங்கையரே! கணிதம் நமக்குச் சிறந்த பாதையைக் காட்டும். ஆனால் எதைக் கூட்ட வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அதை அறிய ஒருவரைக் கேட்கவும் வேண்டும். இதை எனக்கு உணர்த்திய என் தந்தைக்கும், ஒரு சிறுமியின் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதிருந்த அருட்சகோதரிக்கும் இக்கட்டுரை காணிக்கை.