பணக்காரர்களின் பனி ஊரில்...

"குல்மார்க்கா? அது பணக்காரங்க போற ஊராச்சே!" என்றார் பக்கத்து வீட்டு மதினி. 2024 பிப்ரவரியில் நாங்கள் காஷ்மீர் கிளம்பியபோது நடந்த பேச்சு இது. சஞ்சீவி மலையில் மேகம் இறங்கினாலே மப்ளர் தேடுகிற இராஜபாளையத்துக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்பதும் அந்தக் கேள்வியில் இருந்தது!

மதினி சொன்னதில் தப்பில்லை. சுவிட்சர்லாந்தில் செயின்ட் மாரிட்ஸ் என்று ஓர் ஊர். குளிர்காலம் வந்தால் உலகத்துச் சீமான்கள் காலில் நீளப் பலகையைப் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கி விளையாட அங்கே கூடுவார்கள். நம் நாட்டில் அதற்கு ஈடு குல்மார்க்தான். வெள்ளைக்காரர்கள் கோடையில் வந்து தங்கிய ஊர். 1927-ல் பனிச்சறுக்குக் கிளப்பும் ஆரம்பித்தார்கள். இப்போது டில்லி, மும்பைப் பணக்காரர்களோடு ஐரோப்பியர்களும் வருகிறார்கள். அங்குள்ள பெரிய ஓட்டல்களில் ஒரு நாள் வாடகையைக் கேட்டால் நமக்கு ஒரு மாதச் சம்பளம் கண்ணில் தெரியும். நாங்கள் ஸ்ரீநகரில் தங்கி, ஒரு நாள் மட்டும் போய்வந்தோம். தூரம் 50 கிலோமீட்டர்தான்.

ஊட்டி போனவர்கள் தொட்டபெட்டா உச்சியைப் பார்த்திருப்பீர்கள். அது 2,637 மீட்டர். குல்மார்க்கில் ஊரே ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கிறது. "அப்ப தொட்டபெட்டாவில ஏன் பனி கொட்டலை?" என்று என் மகன் கேட்டான். குல்மார்க் வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அதோடு, குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று இமயமலையில் முட்டி, வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது.

அடிவாரம் டங்மார்க். பனி அதிகமானால் இங்கிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில்தான் மேலே போக முடியும். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிற மாதிரி, கோட்டும் முழங்கால் பூட்ஸும் இங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பஞ்சாலை ஊர்க்காரி நான் சொல்லக்கூடாதுதான், ஆனால் பனிக்குப் பருத்தி ஆகாது. நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே கம்பளி பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத கோட்டு. கம்பளிக் காலுறை மாற்றுக்கு ஒரு ஜோடி. குழந்தைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வெயில் பனியில் பட்டுத் திரும்பி அடிப்பதால் கண் சிவந்து எரியும், மூக்கு நுனி கறுத்துவிடும்.

கோண்டோலா என்கிற கம்பிவடப் பெட்டியில் ஏறினோம். முதல் கட்டம் காங்டூரி வரை, 1998-ல் வந்தது. இரண்டாவது, 2005-ல் வந்தது, அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். 2,500 மீட்டருக்கு மேலேயே சிலருக்குத் தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் வரலாம். வந்தால் கீழே இறங்கிவிடுவதுதான் முதல் மருந்து. அத்தைக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அதனால் காங்டூரியோடு நின்றுவிட்டோம். கர்ப்பிணிகளும் இதய நோயுள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம். கைக்குழந்தைக்கு மலை ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது அடைக்காது.

சரிவில் சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தியவர்கள் பறவை மாதிரி வழுக்கிப் போனார்கள். பார்க்க அழகுதான். ஆனால் என் கண் நின்றது வேறு இடத்தில். கயிறு கட்டிய சின்ன மரப்பலகையில் வந்தவர்களை உட்காரவைத்து, ஏற்றத்தில் ஆட்கள் மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு போகிறார்கள். அத்தை உட்கார மறுத்துவிட்டார். "மனுசன் இழுக்க, நான் சொகுசா உக்காரவா? வேண்டாம்மா." இவர் அரைகுறை இந்தியில் அதைச் சொன்னதும், பலகைக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்க உட்கார்ந்தால்தான் அம்மா, எங்க வீட்டில் அடுப்பு எரியும்" என்றார். அத்தை உட்கார்ந்தார்!

அந்த வருஷம் ஜனவரி முழுக்க அவருக்கு வேலையே இல்லையாம். டிசம்பர் கடைசியிலிருந்து நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்கிறார்கள், கடுங்குளிர்க் காலம். அப்போது விழும் பனிதான் இறுகி நிற்கும். 2024-ல் அது ஏமாற்றிவிட்டது. வெள்ளையாக இருக்கவேண்டிய மைதானம் காய்ந்த புல்லாகக் கிடந்தது. ஜனவரி கடைசியில்தான் பனி விழ ஆரம்பித்தது. சீமான்களுக்கு என்ன, இன்னொரு ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொள்வார்கள். பலகை இழுப்பவர் எங்கே போவார்? அந்தப் பனி உருகி வரும் தண்ணீரை நம்பித்தான் கீழே நெல்லும் ஆப்பிளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்தால் நம் கண்மாய்கள் என்ன ஆகும் என்று தெரியும்தானே, அதே கதைதான்.

டீக்கடையில் கஹ்வா குடித்தோம். பச்சைத் தேயிலையோடு பட்டை, ஏலக்காய், குங்குமப்பூ போட்டுக் கொதிக்கவைத்து, பாதாம் சீவிப் போடுகிறார்கள், பால் கிடையாது. அங்கேயும் அரிசிச் சோறுதான் சாப்பாடு என்பதில் அத்தைக்குப் பெரிய நிம்மதி. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் தணல்: இதுதான் காங்கிரி. நீள அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார்கள். அத்தைக்கு ஒன்று வாங்க ஆசை. நான் தடுத்துவிட்டேன். நாள்பட்ட சூட்டினால் தோல் கறுத்து, சிலருக்கு அந்த இடத்திலேயே புற்றுநோய் வருவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். அடைத்த அறையில் கரித்தணல் வைத்தால் அதன் புகை வாசனையே இல்லாமல் உயிரைக் குடித்துவிடும். வெந்நீர்ப் பை போதும்.

மேட்டின்மேல் ஒரு சிவன் கோயில், 1915-ல் அரச குடும்பத்து ராணி கட்டியது. கும்பிட்டு வந்தோம். அதே வருஷம் ஜூனில் அது தீயில் எரிந்துபோனதாகப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடுமைக்குப் பிறகு காஷ்மீரில் பல இடங்களை மூடிவைத்திருந்தார்கள். எது திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் ஒரு பெட்டியைப் பலகைக்காரரின் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டு வந்தோம். 2025 பிப்ரவரியில் குல்மார்க் குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிப்போயின என்று செய்தி வந்ததும், இவர் அவருக்கு ஃபோன் போட்டார். "இன்னும் விழலை" என்றார் அவர். மார்ச்சில் விளையாட்டுகள் நடந்தன. அப்போது அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம், சரியாகப் பேசக்கூட நேரமில்லை அவருக்கு.