நாணைப் பாதியாக்கும் கோடு

கணக்குன்னதும் ஓடிடாதீங்க மக்களே :-) பி.காம். படிச்ச எனக்கே புரிஞ்ச கணக்குதான்.

1999 ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுல வந்தது. ஒரு வட்டம். ஆதிப்புள்ளியையும் (பி, க்யூ)ங்கிற புள்ளியையும் சேர்த்தா அதோட விட்டம். பி, க்யூ ரெண்டும் பூஜ்யம் இல்ல. (பி, க்யூ)வில இருந்து வரையற நாண்கள்ல ரெண்டை எக்ஸ் அச்சு சரிபாதியா வெட்டணும். அதுக்கு என்ன நிபந்தனை?

கோச்சிங்ல சொல்லித் தர்ற வழி: நடுப்புள்ளியை அச்சுல வெச்சு இருபடிச் சமன்பாடு எழுது, தன்மைகாட்டி பூஜ்யத்தை விடப் பெரிசுன்னு போடு. பன்னிரண்டாவது படிக்கிற என் பொண்ணுக்கு விடை வந்துடுச்சு. ஏன் வந்துச்சுன்னுதான் தெரியல. "மனப்பாடம்தான் பண்றேன்ப்பா, எனக்கு மேத்ஸ் வராது, விட்டுடறேன்"னு ஒரே அழுகை. இங்க போபால்ல ஊர்ப் பிள்ளைங்க மொத்தமும் இதே ஓட்டம்தான், அதுல இவ பின்தங்கிட்டதா நினைப்பு.

சமன்பாட்டை மூடி வெச்சுட்டுப் படம் போட்டோம். நாணோட ஒரு முனை அச்சுக்கு மேல க்யூ உயரத்துல இருக்கு. நடுப்புள்ளி அச்சு மேலன்னா, மறுமுனை அதே க்யூ அளவு கீழ இருந்தாகணும். அந்த ஆழத்துல ஒரு படுகோடு போடுங்க. அது வட்டத்தை ரெண்டு இடத்துல வெட்டினா ரெண்டு நாண். தொட்டுட்டுப் போனா ஒண்ணு. தொடவே இல்லேன்னா மனு நிராகரிப்பு :-)

வட்ட மையம் அச்சுக்கு மேல அரை க்யூ. அங்கிருந்து கோட்டுக்கு ஒன்றரை க்யூ. ஆரம் அதை விடப் பெரிசா இருக்கணும். பிதாகரஸைக் கூப்பிட்டா, பி வர்க்கம் க்யூ வர்க்கத்தைப் போல 8 மடங்குக்கு மேல இருக்கணும்னு வந்துடும். (3, 1) வெச்சுப் பாருங்க. 9, 8-ஐ விடப் பெரிசு. மறுமுனைகள் (1, -1), (2, -1). நடுப்புள்ளிகள் (2, 0), (2.5, 0). (2, 1) வெச்சா 4தான் வருது, கோடு வட்டத்துக்குக் கீழயே போயிடும்.

"நாண்னா வெட்கமாப்பா?"ன்னு நடுவுல கேட்டா. வில்லோட கயிறும்மான்னேன். இந்தியில சொல்ற ஜீவாவுக்கும் மூலம் அதே வில்கயிறுதான்னதும் ஒரே ஆச்சரியம்.

படிப்பைத் தொடரறதா விடறதான்னு இன்னும் முடிவாகல. அது அவ முடிவு. ஆனா ஒய் அச்சு பாதியாக்கணும்னா என்ன நிபந்தனைன்னு நான் கேட்கலை. அவளே படம் போட்டுட்டு வந்து சொன்னா: "க்யூ வர்க்கம், பி வர்க்கத்தோட 8 மடங்கை விடப் பெரிசுப்பா. ஏன்னும் தெரியும்."