ஆய்வுக்கூடத்தில் நமக்கோர் இடம்

எங்கள் திண்டுக்கல்லுக்கு மேற்கே நீலமாய்த் தெரியும் மலைகளின் மேல், கொடைக்கானலில், 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். அவர் மனைவி மேரியும் வானியல் வல்லுநரே. சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து 1917இல் ஆய்வுநூல் வெளியிட்டனர். ஆயினும் கணவருக்குப் பதவி இருந்தது, மேரிக்கு இல்லை.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்த கமலா சோஹோனியை, பெண் என்பதற்காகவே சர் சி. வி. ராமன் முதலில் மறுத்தார். கமலா விடவில்லை. போராடிச் சேர்ந்தார், 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார், பின்னர் மும்பை அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். அன்று அவர் மனம் தளர்ந்து வீடு திரும்பியிருந்தால்? மாணவியாக நுழையாதவள் பேராசிரியையாவது எப்படி?

காலம் மாறியிருக்கிறது. கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக 2019இல் அன்னபூரணி சுப்ரமணியம் பொறுப்பேற்றார். மேரிக்குப் பதவியில்லாத அதே மலைக்கு ஒரு பெண்ணே தலைமையேற்றார்!

ஆனால் ஒருவர் உயர்ந்தால் போதுமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், விண்ணப்பித்தோரில் பெண்களோ, தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை வகுப்பினரோ, மாற்றுத்திறனாளிகளோ இருந்தால், தேர்வுக்குழுவிலும் அப்பிரிவினர் இடம்பெற வழி செய்தன. நல்ல விதிதான். அதோடு, குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டவருக்கு வயது வரம்பைத் தளர்த்த வேண்டும். ஆய்வுக்கூடத்தின் அருகே குழந்தைகள் காப்பகம் வேண்டும். இரவில் ஆய்வு முடித்துத் திரும்ப வண்டி வேண்டும். இவை சலுகைகள் அல்ல. திறமை வீணாகாமல் காக்கும் வழிகள்.

அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவு எடுத்து, பின்னர் இயற்பியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றால், "அவ்வளவு படித்து எங்கே வேலைக்குப் போவாய்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் நம் ஊர்ப் பெண்கள் பலர் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

மறைக்கல்வி வகுப்பில் தாலந்து உவமை படிக்கிறோம். தாலந்தைப் புதைத்தவனை ஆண்டவர் கண்டித்தார். பிறருடைய தாலந்தைப் புதைப்போரும் கணக்குக் கொடுக்க வேண்டாமா? தோழியரே, நாம் நன்றாகப் படிப்போம். பெரியோர்களே, நாங்கள் படித்து வரும்போது கதவைத் திறந்து வையுங்கள்!