இருநிறப் பின்னலின் தொடக்கம்: திருப்பூரிலிருந்து நைல் கரை வரை

இருநிறப் பின்னல் என்பது ஒரே வரிசையில் இரண்டு நூல்களை மாற்றி மாற்றிப் போட்டு உருவம் கொண்டுவரும் முறை. ஒரு கண்ணிக்கு எந்த நிறம் வேண்டுமோ அந்த நூல் ஊசியில் ஏறும். மற்ற நூல், தன் முறை வரும்வரை துணியின் பின்பக்கம் கிடையாக ஓடும். திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் இதை ஃப்ளோட் என்பார்கள். முன்பக்கம் கட்டமும் நட்சத்திரமுமாகத் தெரிய, பின்பக்கம் முழுக்க இந்த ஓட்டம்தான். எல்லா இடத்திலும் இரண்டு நூல் இருப்பதால் துணி கனமாகவும் கதகதப்பாகவும் அமைகிறது.

உலகம் இம்முறையை ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாண்ட் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் ஐல் என்ற சிறு தீவின் பெயரால் அறிகிறது. குளிர்நாட்டுக் கம்பளிக் கலை என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணம் சரிதானா என்று பார்க்கும் என் தேடல் திருப்பூரிலிருந்து தொடங்குகிறது. கொங்கு நாட்டில் பின்னல் என்றால் முதலில் பார்க்க வேண்டிய ஊர் அதுதான்.

இந்தியாவில் பின்னல் ஆலை முதலில் வந்தது கல்கத்தாவில். 1893-இல் கிதிர்பூரில் தொடங்கிய ஆலையே முதலாவது என்பார்கள். திருப்பூருக்கு அது வந்தது 1925-இல். அன்று வந்தவை கையால் சுற்றும் மெஷின்கள். 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கி, அந்த மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு இறங்கிய பிறகே தொழில் வேகம் பிடித்தது. கோவையில் நூற்பு அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஸ்டேன்ஸ் மில் 1888-இல் தொடங்கியது. நூலும் மின்சாரமும் அருகருகே கிடைத்த ஊரில் பனியன் தொழில் தழைத்ததில் வியப்பில்லை. ஆனால் பல பத்தாண்டுகளுக்குத் திருப்பூர் பின்னியது பெரும்பாலும் வெள்ளை பனியன்தான். நிறம் பெரிய அளவில் வந்தது 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிய பிறகு.

இருநிற உருவம் மெஷினில் எப்படி விழுகிறது என்பதைக் கவனித்தால் தேடலுக்கு ஒரு நல்ல துப்பு கிடைக்கிறது. வட்ட மெஷினில் ஒவ்வொரு ஊசிக்கும் மூன்று வேலைகள் உண்டு: நிட், டக், மிஸ். நிட் என்றால் கண்ணி விழும். டக் என்றால் நூலைப் பிடித்து வைக்கும், பழைய கண்ணியைத் தள்ளாது. மிஸ் என்றால் ஊசி நூலைத் தொடாமல் விடும், நூல் அதன் பின்னால் ஓடிவிடும். உருவத்துக்கேற்ப ஊசிகளைத் தேர்ந்தெடுக்கும் ஜக்கார்டு மெஷினில், இருநிறத்தில் ஒரு முழு வரிசைக்கு நூலை ஊட்டும் ஃபீடர் இரண்டு வேண்டும். முதல் ஃபீடரில் வெள்ளைக்குரிய ஊசிகள் மட்டும் ஏறும், இரண்டாவதில் நீலத்துக்குரியவை. 30 அங்குல டயா (விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷினில் சுற்றிலும் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கின்றன. ஊசி எத்தனை இருந்தாலும் வேலை கையால் பின்னுபவர் செய்வதேதான். மெஷினிலிருந்து இறங்குவதும் தையலில்லாத ஒரு குழல். கையால் வட்டமாகப் பின்னி, கழுத்தைச் சுற்றி அணியும் கழுத்துக் குழலும் அவ்வாறே.

மெஷினின் வழியைப் பின்பற்றினால் இங்கிலாந்துக்குப் போய்ச் சேரலாம். வில்லியம் லீ 1589-இல் முதல் பின்னல் சட்டக இயந்திரத்தை அமைத்தார். மார்க் இசம்பார்ட் புருனெல் 1816-இல் வட்டச் சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1840-களின் இறுதியில் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்செண்ட், கொக்கியைத் திறந்து மூடும் தாழ்ப்பாள் ஊசியைக் கொண்டுவந்தார். திருப்பூர் மெஷின்களில் இன்றும் ஏறி இறங்குவது அந்த வகை ஊசிதான். இவர்கள் எல்லோரும் கை செய்த வேலையை இரும்புக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். இருநிற உருவத்தை முதலில் போட்ட கைகளைத் தேட இன்னும் பின்னால் போக வேண்டும்.

ஃபேர் ஐலில் ஒரு கதை வழங்குகிறது. 1588-இல் ஸ்பானிய ஆர்மடாவைச் சேர்ந்த 'எல் கிரான் கிரிஃபோன்' என்ற கப்பல் அத்தீவில் உடைந்தது. கரையேறிய மாலுமிகள் தீவுப் பெண்களுக்கு இந்த உருவங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது கதை. கப்பல் உடைந்தது உண்மை. ஆனால் அந்தத் தீவின் இருநிறப் பின்னலுக்குச் சான்றுகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே கிடைக்கின்றன. இடையில் இரண்டரை நூற்றாண்டு வெற்றிடம். 1922-இல் பிரித்தானிய இளவரசர் எட்வர்ட் கோல்ஃப் திடலில் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்து தோன்றியதும் அது உலக நாகரிகமாயிற்று. பெயர் பரவிய கதை அது. பிறந்த கதை வேறு.

ஸ்பெயினில் தடம் உறுதியாகிறது. 1275-இல் இறந்த காஸ்டில் இளவரசர் ஃபெர்னாண்டோ டெ லா செர்தாவின் கல்லறை, புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடத்தில் இருக்கிறது. அதில் கிடைத்த பட்டுத் தலையணை உறை மிக நுண்ணிய இருநிறப் பின்னல். கோட்டையும் கழுகும் பூவும் நிறைந்த அதன் ஓரத்தில், ஆசியைக் குறிக்கும் அரபுச் சொல் கூஃபி எழுத்தில் பின்னப்பட்டிருக்கிறது. கிறித்தவ அரச குடும்பத்துக்கு முஸ்லிம் கைவினைஞர்கள் செய்த வேலை இது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த எழுத்து எகிப்துக்கு வழிகாட்டுகிறது. இன்று கெய்ரோவின் பகுதியாகிவிட்ட ஃபுஸ்தாத் போன்ற இடங்களிலிருந்து, இடைக்கால இஸ்லாமிய எகிப்தைச் சேர்ந்த காலுறைகள் கிடைத்துள்ளன. உலகில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல்களில் அவை அடங்கும். வெள்ளையும் அவுரி நீலமுமாக, வரிவரியாகவும் எழுத்தை ஒத்த உருவங்களாகவும் இருநிறத்தில் பின்னியவை. நூலோ கம்பளி அல்ல, பருத்தி. இதே எகிப்தில் இவற்றுக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட, கட்டைவிரல் பிரிந்த காலுறைகளும் உண்டு. அவை பின்னல்போலத் தெரிந்தாலும் ஒற்றை ஊசியால் நூலை முழுக்க இழுத்துக் கோத்த வேறொரு முறை. அதைப் பின்னலின் வயதோடு கூட்டிவிடக் கூடாது.

இங்கே ஓர் ஆசை எழுவது இயல்பு. அவுரியும் பருத்தியும் இந்தியாவின் சரக்குகள். குஜராத்தில் அச்சிட்ட பருத்தித் துணிகள் ஃபுஸ்தாத்தில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையின் கொடுமணலில் தக்களி வில்லைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அப்படியானால் பின்னலும் இங்கிருந்து போயிருக்குமா? அந்த முடிவுக்கு ஆதாரம் இடம் தரவில்லை. போனவை தறியில் நெய்த துணிகள். தக்களி நூற்பைக் காட்டுமே தவிர பின்னலைக் காட்டாது. நெசவில் உலகை வென்ற நாட்டுக்குப் பின்னலையும் உரிமை கொண்டாட வேண்டிய அவசியம் இல்லை. நீலகிரித் தோடர்களின் புகூர் வேலையும் பார்வைக்கு இருநிறப் பின்னலை நினைவூட்டும். கறுப்பும் சிவப்புமாக, இழை எண்ணிப் போடும் அந்தப் பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அது நெய்த வெள்ளைத் துணியின் மேல் ஊசியால் இடுவது. கண்ணியில் பிறப்பதல்ல.

எனவே நிறுவக்கூடியது இவ்வளவு: கிடைத்துள்ள இருநிறப் பின்னல்களில் மிகப் பழையவை பருத்தியில் அமைந்தவை; ஷெட்லாண்ட் கம்பளி பல நூற்றாண்டு பிந்தியது. புதிதாகக் கற்கும் கொங்கு நாட்டார், ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போனால்தான் பயன்படும் கம்பளியை விட்டுப் பருத்தியில் தொடங்கினால், இம்முறையின் மிகப் பழைய பொருளையே கையில் எடுக்கிறார்கள். என் வரையில் இந்தத் தேடலின் பெரிய பலன் இதுதான். மார்கழிக் காலையில் பைக்கில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்கொள்பவருக்குப் பருத்திக் கழுத்துக் குழல் போதும்.

தொடக்கத்துக்குக் குழல் ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. வட்டமாகப் பின்னும்போது முன்பக்கம் எப்போதும் பின்னுபவரை நோக்கியே இருக்கும். கட்டத்தாளில் உள்ள உருவத்தை ஒவ்வொரு சுற்றிலும் வலமிருந்து இடமாகவே படிக்கலாம். உருவப் பகுதியில் புறக்கண்ணி தேவையில்லை. கூட்டல் குறைத்தல் கிடையாது.

நடுத்தரக் கனமுள்ள பருத்தி நூல் இரண்டு நிறம், 40 செ.மீ. நீளமுள்ள 4 மி.மீ. வட்ட ஊசி, விளிம்புக்கு 3.5 மி.மீ. ஊசி ஆகியவை போதும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுந்தால், 60 செ.மீ. சுற்றளவுக்கு 132 கண்ணி வேண்டும். 132 என்பது நான்காலும் ஆறாலும் வகுபடும். ஆகவே இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு புறக்கண்ணி என மாறிவரும் ரிப் விளிம்பும் ஆறு கண்ணி உருவமும் மிச்சமின்றிப் பொருந்தும். சுற்றை இணைக்கும்முன் கண்ணி வரிசை ஊசியில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைத்தபின் முறுக்கைச் சரிசெய்ய வழியில்லை. ஒற்றை நிறத்தில் 3 செ.மீ. ரிப், அதன்மேல் 15 செ.மீ. உருவம், மறுபடி 3 செ.மீ. ரிப். முதல் வேலைக்கு இந்த அளவு நல்லது.

நிறத்தேர்வில் அழகைவிட வேறுபாடு முக்கியம். இரண்டு நூலையும் சேர்த்து வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பார்க்க வேண்டும்; இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியும் ஜோடி உருவத்தைக் காட்டாது. சாயம் போகிறதா என்று, நனைத்த நூலை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். அடர்ந்த சிவப்பிலும் நீலத்திலும் இது கட்டாயம். நிறத்துக்குத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கொடுத்த விலையும் சிறிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு ஆறு கெட்டிருந்தது. சாயமிட்ட நூல் வாங்கும்போது அது எங்கே, எப்படிச் சாயமிடப்பட்டது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

வேலையின் உயிர் ஃப்ளோட்டில் இருக்கிறது. அது இறுகினால் துணி சுருங்கி உருவம் பள்ளமாகிவிடும். கம்பளி ஓரளவு இழுபட்டு ஈடுகொடுக்கும். பருத்திக்கு அந்த நெகிழ்வு இல்லை. ஆகவே நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும், வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் பரப்பிவிட்டு, அதன் பிறகே அடுத்த நூலை எடுக்க வேண்டும். ஒரு நிறம் ஐந்து கண்ணிக்கு மேல் தொடரும் உருவம் முதல் வேலைக்கு வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால், நடுவில் ஒருமுறை ஓடும் நூலைப் பின்னும் நூலோடு சுற்றிப் பிடித்துவிட்டால் அணியும்போது விரலில் மாட்டாது. இரண்டு நூலில் ஒன்று எப்போதும் கீழேயும் மற்றது மேலேயும் ஓட வேண்டும். கீழே ஓடும் நூலின் கண்ணிகள் சற்றுப் பெரிதாகி முன்னே தெரியும். உருவத்துக்குரிய நிறத்தை அங்கே வைத்து, கடைசிச் சுற்றுவரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

பின்னி முடித்ததும் துணி மேடும் பள்ளமுமாகவே இருக்கும். குளிர்ந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் போக்கி, அளவுக்கு இழுத்துச் சமமான இடத்தில் நிழலில் பரப்பினால் கண்ணிகள் ஒழுங்காக உட்காரும். கொடியில் தொங்கவிடக் கூடாது. ஈரப் பருத்தி தன் கனத்தாலேயே நீண்டுவிடும்.