பெரியப்பாவோட ஹெரால்டு

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அத்தை ஒரு பழைய போட்டோ போட்டாங்க.
எல்லாரும் "அத்தை எவ்ளோ ஒல்லி"ன்னு எழுதிட்டு இருக்காங்க.
என் கண்ணு பின்னாடி நிக்கற கார் மேலயே.

பெரியப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
நம்ம பெருங்களத்தூர் கம்பெனி வண்டி. 1971-ல உற்பத்தியே நின்னுபோச்சு.

பானெட்டைத் தூக்கினா மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாயும்.
முன் டயர் ரெண்டும் அம்மணமா நிக்கும்.
பெரியப்பா அந்த டயர் மேல உக்காந்துதான் பிளக்கைக் கழட்டி உப்புத்தாள்ல தேய்ப்பார்.
ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிறது என் வேலை.
கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. வாங்கின திட்டு கணக்கில்ல.

தாத்தாவுக்கு அம்பாசடர்.
கியர் ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்கும். அதனால முன் சீட்ல மூணு பேர்.
பின்னாடி எத்தனைன்னு யாரும் எண்ணினதில்ல. கல்யாணம்னா மடியில சீர்த்தட்டு வேற.

அப்பா வாங்கினது மாருதி 800.
"இது காரா, சோப்பு டப்பாவா?"ன்னு கேட்ட அதே தாத்தாதான், அப்புறம் அதோட முன் சீட்டை யாருக்கும் விடல.

என் வண்டியில பானெட்டைத் திறந்தா ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி.
எனக்குத் தெரிஞ்சது வைப்பருக்குத் தண்ணி ஊத்தற இடம் மட்டும்தான்.
ஆனாலும் சர்வீஸ்காரர் பேசப் பேச, பெரிய மெக்கானிக் மாதிரி தலையாட்டிட்டு நிப்பேன் 😀

சரி, உங்க வீட்டுக்கு முதல்ல வந்த கார் எது?
யார் ஓட்டினாங்க?